பல வருஷம் கழித்துப் பாவசங்கீர்த்தனம்: திரும்பி வர நினைப்பவருக்கு ஒரு முழு வழிகாட்டி

கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுதல்) செய்தது எப்போது என்று கேட்டால், "கல்யாணத்துக்கு முந்தின நாள்" என்று சிலர் சொல்வார்கள். சிலருக்கு அது உறுதிபூசுதலோடு (ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் திருச்சடங்கு) நின்றுபோனது. ஞாயிறு பூசைக்குத் தவறாமல் வருவார்கள், பாட்டுப் பாடுவார்கள், நன்மை (நற்கருணை அப்பம்) வாங்கும் நேரத்தில் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். காரணம் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவருக்கு வேலை, ஊர் மாற்றம், அப்படியே மெல்ல விட்டுப்போயிற்று. இன்னொருவரை என்றைக்கோ ஒரு சாமியார் கடிந்து பேசியிருப்பார். மற்றொருவரிடம் ஒரே ஒரு பாவம் இருக்கும். அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டுமே என்ற நினைப்பே அவரைக் கோயில் வாசலிலிருந்து திருப்பி அனுப்பிவிடும்.

அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கத்தோலிக்கத் திருச்சபையின் முறையை வைத்தே சொல்கிறேன். மற்ற சபைகளைச் சேர்ந்தவர்களுக்குக் குருவிடம் சொல்கிற பகுதி பொருந்தாது. மனஸ்தாபத்தையும் (பாவத்துக்காக மனம் வருந்துதல்) ஈடு செய்வதையும் பற்றிய பகுதிகள் எல்லாருக்கும் பொருந்தும்.

சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் ஐந்து காரியங்கள் சொல்லித் தந்தார்கள்: ஆத்தும சோதனை (செய்த பாவங்களை நினைத்துப் பார்த்தல்), மனஸ்தாபம், இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, குருவிடம் சொல்லுதல், அபராதம் (குரு பரிகாரமாகத் தரும் செபமோ செயலோ) தீர்த்தல். அந்த வரிசை இன்றும் சரியானதுதான். அதற்கு முன்னால் ஒரு படியை மட்டும் சேர்க்கிறேன். அது கோணலாக இருந்தால் மற்ற ஐந்தும் கோணலாகிவிடும்.

முதல் படி: யாரிடம் போகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

லூக்கா 15-ஆம் அதிகாரத்தை எடுத்து, 11-ஆம் வசனத்திலிருந்து மெதுவாகப் படியுங்கள். தெரிந்த கதைதானே என்று ஓட்டிவிடாதீர்கள். இளைய மகன் தன் பங்கை வாங்கிக்கொண்டு தொலைநாட்டுக்குப் போனான், எல்லாவற்றையும் அழித்தான், பஞ்சம் வந்தது, பன்றி மேய்த்தான். பன்றியைத் தீட்டாக நினைக்கும் யூதனுக்கு அதற்குமேல் இறங்க இடமில்லை. அப்போது அவனைத் திரும்ப வைத்தது என்ன? பெரிய ஆன்மிக ஞானம் ஒன்றும் இல்லை, பசிதான். அப்பா வீட்டுக் கூலியாள்களுக்குச் சாப்பாடு மிஞ்சுகிறது, நான் இங்கே பட்டினியால் சாகிறேன் என்று நினைத்தான். அந்த அளவு நினைப்பு போதுமானதாக இருந்தது. திரும்புவதற்கு உங்களிடம் இருக்கும் காரணம் அற்பமாகத் தெரிந்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் சொல்வதற்கு மூன்று வாக்கியங்களைத் தயார் செய்துகொள்கிறான். கடவுளுக்கும் உமக்கும் எதிராகப் பாவம் செய்தேன். உம் மகன் எனப்பட எனக்குத் தகுதி இல்லை. உம் கூலியாள்களில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும். இது 18, 19-ஆம் வசனங்களில் இருக்கிறது. இப்போது 21-ஆம் வசனத்தைப் பாருங்கள். தூரத்தில் வரும்போதே அப்பா பார்த்துவிட்டார், ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து முத்தமிட்டுவிட்டார். மகன் ஒப்பிக்கத் தொடங்குகிறான். முதல் வாக்கியம் வருகிறது, இரண்டாவதும் வருகிறது. மூன்றாவது வரவில்லை. அதற்குள் அப்பா வேலைக்காரர்கள் பக்கம் திரும்பிவிட்டார்: நல்ல ஆடையைக் கொண்டுவந்து உடுத்துங்கள், கைக்கு மோதிரம், காலுக்குச் செருப்பு, கொழுத்த கன்றை அடியுங்கள்.

"பாவம் செய்தேன்" என்பதை அந்த அப்பா தடுக்கவில்லை. அது உண்மை, மகன் அதைச் சொல்ல வேண்டியிருந்தது, அவர் கேட்டார். "கூலியாளாக வைத்துக்கொள்ளும்" என்ற பேரத்துக்குத்தான் அவரிடம் இடமில்லாமல் போனது. நீண்ட காலம் கழித்துத் திரும்பும் பலரும் இந்த மூன்றாம் வாக்கியத்தை மனதுக்குள் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். மன்னித்தாலும் நான் இனி இரண்டாந்தரக் கிறிஸ்தவன்தான், கடைசி பெஞ்சில் ஒரு மூலை கிடைத்தால் போதும் என்று. நீங்கள் சொல்லப்போகும் பாவங்களை ஆண்டவர் ஒன்றுவிடாமல் கேட்பார். அந்த மூன்றாம் வாக்கியத்தை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

இரண்டாம் படி: ஆத்தும சோதனை

அரை மணி நேரம் தனியாக உட்காருங்கள். ஒரு சின்னச் செபத்தோடு தொடங்குங்கள். 51-ஆம் திருப்பாடல் இதற்கென்றே அமைந்தது போல இருக்கும். இன்னொருவரின் மனைவியான பத்சேபாவின் விஷயத்தில் இறைவாக்கினர் நாத்தான் வந்து கண்டித்த பிறகு தாவீது பாடியது என்று அதன் தலைப்பே சொல்கிறது. ஒரு ராஜா, விபசாரமும் கொலையும் செய்துவிட்டு, யார்மீதும் பழிபோடாமல் பேசுகிறார்.

பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வது பழைய முறை, நல்ல முறை. அதோடு, நம் வீடுகளில் பாவம் என்ற கணக்கிலேயே வராமல் தப்பிக்கும் சிலவற்றைத் தேடிப் பாருங்கள் என்பேன். தங்கைக்குச் சேர வேண்டிய பங்கைக் கையெழுத்து வாங்கி எழுதிக்கொண்டது. மருமகளின் நகையை அடகு வைத்துவிட்டுத் திருப்பாதது. கேட்டு வாங்கிய வரதட்சணை. வட்டிக்கு விட்ட பணம் இன்னொரு குடும்பத்தின் கழுத்தை நெரித்தது. வேலை செய்தவருக்குக் கூலியை இழுத்தடித்தது (யாக்கோபு 5:4 இதைக் கடவுளின் காதுக்கு எட்டும் கூக்குரல் என்கிறது). லஞ்சம், வாங்கியதும் கொடுத்ததும். வாட்ஸ்அப்பில் ஒரு பெண்ணைப் பற்றிப் பரப்பிய செய்தி. படுத்த படுக்கையான அம்மாவைப் பார்க்க மாதக்கணக்கில் போகாதது.

அப்புறம் சாதி. கல்லறையில்கூட சாதிக்கு ஒரு சுவர் எழுப்பிய ஊர்கள் நம் திருச்சபையில் உண்டு. ஒரே பீடத்தில் நன்மை வாங்கிவிட்டு, வீட்டில் வேறு டம்ளர் எடுத்துக் கொடுத்திருந்தால், காதலித்த பிள்ளையைச் சாதிக்காக வீட்டை விட்டுத் துரத்தியிருந்தால், அது "குடும்ப வழக்கம்" என்ற பெயரில் ஆத்தும சோதனையிலிருந்து தப்பக் கூடாது. தவக்காலத் தியானங்களில் இதைப் பற்றிப் பேசக் கேட்பது அரிதாக இருக்கிறது. இன்னும் அதிகம் பேசப்பட வேண்டும் என்பது என் கருத்து.

எல்லாப் பாவமும் ஒரே எடை இல்லை. சாவான பாவம் என்று சொல்ல மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும்: காரியம் கனமானது, கனமானது என்று முழுதாகத் தெரியும், தெரிந்தே மனம் ஒப்பிச் செய்தது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் சாவான பாவம் ஆகாது. பயத்தில், போதையின் பிடியில், அடித்து மிரட்டியதில் நடந்தவற்றைக் குருவிடம் அப்படியே சொல்லுங்கள், தீர்ப்பை நீங்களே எழுதிக்கொண்டு போக வேண்டாம்.

சாவான பாவங்களை என்ன வகை, ஏறக்குறைய எத்தனை தடவை என்று சொல்ல வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். இருபது வருஷத்துக்கு எண்ணிக்கை எப்படிச் சொல்வது என்று பலர் மலைத்துப்போகிறார்கள். மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை, கல்யாணமானதிலிருந்து, அப்பா சாகும்வரை என்கிற மாதிரி சொன்னால் போதும். அற்பப் பாவங்களைச் சொல்வது நல்லது, கட்டாயமில்லை. நினைவுக்கு வராததால் விட்டுப்போனவையும் மன்னிக்கப்படுகின்றன. பிறகு கனமான ஒன்று நினைவுக்கு வந்தால் அடுத்த தடவை சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். தெரிந்தே ஒன்றை மறைத்தால் மட்டும் அந்தப் பாவசங்கீர்த்தனமே செல்லாது. முன்பு அப்படி மறைத்திருந்தால், அதையும் இப்போது சேர்த்துச் சொல்லிவிடலாம்.

ஞாபகத்துக்கு ஒரு தாளில் குறித்துக்கொள்ளலாம். திரும்பி வந்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: மனஸ்தாபம்

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். அழுகை வந்தால்தான் மனஸ்தாபம் என்று நினைக்கிறார்கள். கண்ணீர் வராவிட்டால் தங்களுக்கு மன்னிப்புக் கிடைக்காதோ என்று பயப்படுகிறார்கள். செய்ததற்காக மனம் வருந்துவது, அந்தப் பாவத்தை வெறுப்பது, இனிச் செய்வதில்லை என்று தீர்மானிப்பது. திருச்சபை ஆயர்களின் பொதுச்சங்கமான திரிதெந்திய சங்கம் மனஸ்தாபத்தை இப்படித்தான் விளக்கியது. கண்ணீர் அதில் வரவே இல்லை.

கடவுள்மேல் உள்ள அன்பினால் வருவது உத்தம மனஸ்தாபம். நரகத்துக்குப் பயந்தோ பாவத்தின் அசிங்கத்தைப் பார்த்தோ வருவது அதற்கு ஒரு படி கீழே. அந்தக் கீழ்ப்படி போதும், அதோடு பாவசங்கீர்த்தனத்துக்கு வரலாம் என்று திருச்சபை சொல்கிறது. பசியால் திரும்பிய மகனை மறந்துவிடாதீர்கள்.

ஆனால் மனஸ்தாபத்துக்கும் விரக்திக்கும் நடுவில் உள்ள வேறுபாட்டை அறிந்துகொள்வது அவசியம். ஒரே இரவில் இரண்டு சீடர்கள் இயேசுவைக் கைவிட்டார்கள். யூதாசு காட்டிக்கொடுத்தார். பேதுரு மூன்று தடவை "அவரைத் தெரியாது" என்றார். மத்தேயு 27-ஐப் படித்தால் யூதாசும் வருந்தியது தெரியும். முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொண்டுவந்தார், பாவம் செய்தேன் என்று தன் வாயாலேயே சொன்னார். அறிக்கையும் இருந்தது, ஈடு செய்தலும் இருந்தது. ஆனால் அவர் போனது தலைமைக் குருக்களிடம். அதனால் எங்களுக்கென்ன, அது உன் பாடு என்று சொல்லிவிட்டார்கள். அவர் தனியாகப் போய் உயிரை விட்டார். அவருடைய முடிவு என்ன ஆயிற்று என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை, திருச்சபையும் எவரையும் பெயர் சொல்லி நரகத்தில் இருக்கிறார் என்று அறிவித்ததில்லை. பேதுருவும் வெளியே போய் மனம் கசந்து அழுதார். ஆனால் மற்றவர்களோடு இருந்தார், ஞாயிறு காலை கல்லறைக்கு ஓடினார், ஏரிக்கரையில் இயேசுவைக் கண்டதும் தண்ணீரில் குதித்தார்.

அந்த ஏரிக்கரையில் யோவான் ஒரு சின்ன விவரத்தை எழுதி வைத்திருக்கிறார். கரையில் கரி நெருப்பு மூட்டியிருந்தது (21:9). தலைமைக் குருவின் முற்றத்தில் பேதுரு மறுதலித்தபோது குளிர் காய்ந்ததும் கரி நெருப்பில்தான் (18:18). அதே மாதிரி நெருப்பின் முன்னால் இயேசு மூன்று தடவை "என்மீது அன்பு செலுத்துகிறாயா?" என்று கேட்டார். மூன்றாம் தடவை பேதுருவுக்கு மனம் வலித்தது. நடந்ததை மூடி மறைக்காமல், அந்த இடத்திலேயே தொட்டுக் குணமாக்கினார். "ஏன் மறுதலித்தாய்?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஆடுகளை அவர் கையில் ஒப்படைத்தார்.

ஆகவே உங்கள் வருத்தம் உங்களை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பாருங்கள். "நான் இவ்வளவு கேவலமானவன், எனக்கு விமோசனமே இல்லை" என்று தனிமைக்குள் தள்ளினால், அதை நம்பாதீர்கள். அது பணிவு மாதிரி தோன்றும், கடவுளின் இரக்கத்துக்கு நம் பாவத்தைக் கொண்டு எல்லை போடுகிற வேலை அது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருமானால் பாவசங்கீர்த்தனத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், இப்போதே வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள்.

மனஸ்தாபப்படுகிற மந்திரம் மறந்துபோயிருந்தால் அம்மாவின் பழைய செபப் புத்தகத்தில் இருக்கும். "எனக்கு இதுவே மனஸ்தாபமில்லாமல் வேறு மனஸ்தாபமில்லை" என்ற வரிக்கு வரும்போது அவசரப்படாமல் சொல்லுங்கள். எத்தனையோ விஷயங்களுக்காக நாம் வருந்துகிறோம்: மாட்டிக்கொண்டதற்காக, மானம் போனதற்காக, பணம் போனதற்காக. அதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு ஒன்றே ஒன்றின் முன்னால் நிற்கச் சொல்கிறது அந்த மந்திரம்.

பிரதிக்கினை என்பது இனி விழவே மாட்டேன் என்ற உத்தரவாதம் ஆகாது. அதை யாராலும் தர முடியாது. இன்றைக்கு, இந்த நிமிஷத்தில், எனக்கு இது வேண்டாம் என்ற மனசு இருந்தால் போதும். அந்த மனசுக்கு ஒரு கைகால் வேண்டும். குடிப்பவர் எந்த வழியாக வீட்டுக்குத் திரும்புவது என்பதை மாற்றட்டும். தகாத உறவில் இருப்பவர் அந்த எண்ணை அழிக்கட்டும். ஒரு காரியத்தையாவது குறிப்பாகத் தீர்மானித்துக்கொண்டு போங்கள்.

நான்காம் படி: எங்கே, எப்போது, எந்தச் சாமியாரிடம்

சொந்தப் பங்கில் (நம் கோயிலுக்கு உட்பட்ட வட்டாரம்) தெரிந்த சாமியாரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் பக்கத்துப் பங்குக்குப் போங்கள். அதில் தப்பே இல்லை. வேளாங்கண்ணி, பூண்டி, இலங்கையில் மடு போன்ற திருத்தலங்களுக்குப் போகிறவர்களில் பலர் இதற்காகவே போகிறார்கள். தவக்காலத்தில் பெரும்பாலான பங்குகளில் வெளியூர்க் குருக்களை வரவழைத்து ஒப்புரவு வழிபாடு நடத்துவார்கள். கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடலாம். ஆனால் நீண்ட வரிசை நிற்கும், இருபது வருஷக் கதைக்கு அங்கே நேரம் போதாது.

அதனால் என் யோசனை: பூசைக்கு ஐந்து நிமிஷம் முன்னால் போய் நிற்காமல், வார நாளில் ஒரு குருவுக்குப் போன் செய்து, "ஃபாதர், பாவசங்கீர்த்தனம் செய்து ரொம்ப வருஷம் ஆச்சு, கொஞ்சம் நேரம் வேணும்" என்று மட்டும் சொல்லுங்கள். இதைக் கேட்டுச் சந்தோஷப்படாத குருவானவர் மிகக் குறைவு. போனில் நேரம்தான் வாங்கலாம், பாவசங்கீர்த்தனம் செய்ய முடியாது. நேரில் போக வேண்டும்.

முகம் காட்ட விருப்பமில்லை என்றால் நடுவில் மறைப்புத் தட்டி வைத்த பாவசங்கீர்த்தனத் தொட்டியை (பாவம் சொல்லும் சிறு கூண்டு) கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. தட்டி இருக்க வேண்டும் என்பதே திருச்சபைச் சட்டம். ரகசியத்தைப் பற்றிய கவலையை முழுதாக விட்டுவிடுங்கள். நீங்கள் சொன்னதைக் குருவானவர் போலீஸிடமோ, நீதிமன்றத்திலோ, ஆயரிடமோ, உங்கள் கணவரிடமோ மனைவியிடமோ சொல்ல முடியாது. தன் உயிரைக் காப்பாற்றக்கூடச் சொல்ல முடியாது. நேரடியாக மீறினால் அந்த நிமிஷமே அவர் திருச்சபைக்குப் புறம்பாகிறார், அந்தத் தண்டனையை நீக்கும் அதிகாரம் உரோமையிடம்தான் இருக்கிறது.

ஐந்தாம் படி: உள்ளே போனதும்

சிலுவை அடையாளம் போடுங்கள். பழைய மந்திரம் மறந்துபோயிருந்தால் பரவாயில்லை. "பாவியாகிய என்னை ஆசீர்வதியுங்கள் ஃபாதர். நான் பாவசங்கீர்த்தனம் செய்து ஏறக்குறைய இத்தனை வருஷம் ஆகிறது. எப்படிச் செய்வது என்பதே மறந்துவிட்டது, உதவி செய்யுங்கள்." இவ்வளவு சொல்லிவிட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும், மீதியைக் கேள்வி கேட்டு அவரே நடத்திக்கொண்டு போவார்.

எதைச் சொல்லத்தான் இத்தனை வருஷம் வராமல் இருந்தீர்களோ, அதை முதலில் சொல்லுங்கள். கடைசிக்கு வைத்தால் கடைசியிலும் சொல்லாமல் எழுந்துவிடுவீர்கள். வாய் வரவில்லையென்றால், "சொல்லக் கூச்சமான ஒன்று இருக்கிறது ஃபாதர்" என்று சொன்னாலே போதும்.

சொல்லும் விதத்துக்கு ஒரு எடுத்துக்காட்டு. "எனக்குக் கோபம் வரும் ஃபாதர், வீட்டில் கொஞ்சம் சண்டை" என்று சொல்வதில் பாவமே தெரியவில்லை. "என் மனைவி பதில் பேசினாள், என் அம்மாவும் தூண்டிவிட்டார்" என்று போனால் அது அவர்களுடைய பாவசங்கீர்த்தனம். "பிள்ளைகள் முன்னால் மனைவியைக் கைநீட்டி அடித்தேன். மூன்று வருஷமாக மாதத்துக்கு ஒரு தடவையாவது நடக்கிறது. ஒரு தடவை அவளுக்குக் காயம் பட்டது." இதுதான் பாவசங்கீர்த்தனம். சுருக்கமாக இருக்கிறது, தன்னைப் பற்றி இருக்கிறது, எதையும் மெழுகவில்லை. அடுத்தவர் பெயரைச் சொல்லத் தேவையே இல்லை.

முடிவில் "இவற்றுக்காகவும், நினைவில் வராத மற்றப் பாவங்களுக்காகவும் மனம் வருந்துகிறேன்" என்று சொல்லுங்கள். குருவானவர் கொஞ்சம் அறிவுரை சொல்வார், அபராதம் தருவார், மனஸ்தாப மந்திரம் சொல்லச் சொல்வார். பிறகு உங்கள்மேல் கை நீட்டிப் பாவமன்னிப்புச் செபத்தைச் சொல்வார். தம் மகனின் சாவாலும் உயிர்ப்பாலும் உலகைத் தம்மோடு ஒப்புரவாக்கிய தந்தையைச் சொல்லித் தொடங்கி, தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் உங்களைப் பாவங்களிலிருந்து விடுவிப்பதில் முடியும் செபம் அது. அந்த நேரத்தில் உங்கள் மந்திரத்தை முணுமுணுத்துக்கொண்டிருக்காமல் அந்த வார்த்தைகளைக் காதால் கேளுங்கள். உயிர்த்த ஆண்டவர் சீடர்கள்மேல் ஊதி, எவருடைய பாவங்களை மன்னிப்பீர்களோ அவை மன்னிக்கப்படும் என்று சொன்னது (யோவான் 20) இந்த நிமிஷத்துக்காகத்தான்.

அறிவுரை சப்பென்று இருந்தாலும், குருவானவர் அவசரத்தில் இருந்தாலும் மன்னிப்பு முழுமையானதே. கடுமையாகப் பேசி மனதைப் புண்படுத்தினால் அடுத்த முறை வேறொருவரிடம் போங்கள். ஆனால் அந்த ஒருவருக்காக இன்னொரு இருபது வருஷத்தை விட்டுவிடாதீர்கள்.

ஆறாம் படி: அபராதமும் ஈடு செய்தலும்

கொடுத்த அபராதத்தை அன்றைக்கே, கோயிலை விட்டுக் கிளம்பும் முன் முடித்துவிடுங்கள். செய்ய முடியாத ஒன்றைக் கொடுத்தால், அங்கேயே சொல்லி மாற்றிக் கேட்கலாம்.

பெரிய வேலை அதற்கு வெளியே இருக்கிறது. பாவமன்னிப்பு பாவத்தைப் போக்குகிறது. பாவத்தால் அடுத்தவருக்கு வந்த சேதம் அப்படியே கிடக்கிறது. திருடியதைத் திருப்பித் தர வேண்டும், கெடுத்த பெயரைச் சரிசெய்ய வேண்டும், காயத்துக்கு ஈடு தர வேண்டும் என்று திருச்சபையின் மறைக்கல்வி தெளிவாகச் சொல்கிறது. வரி வசூலித்துப் பணக்காரரான சக்கேயுவை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இயேசு அவர் வீட்டுக்கு வருகிறேன் என்று மட்டும்தான் சொன்னார். அவராகவே எழுந்து நின்று, சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியதற்கு நான்கு மடங்கு என்றார். ஆட்டைத் திருடி விற்றவன் நான்கு ஆடு கொடுக்க வேண்டும் என்பது விடுதலைப் பயணம் 22-இல் உள்ள சட்டம். திருடனுக்குரிய தண்டனையைத் தனக்குத் தானே விதித்துக்கொண்டார்.

பணமாக இருந்தால் வழி எளிது. உரியவரிடம் கொடுங்கள். பெயர் தெரியாமல் அனுப்பினாலும் சரிதான். அவர் இறந்திருந்தால் வாரிசுகளிடம். யாரென்றே தெரியாவிட்டால் ஏழைகளுக்கு. ஒரே தடவையில் முடியாதென்றால் தவணையாக. ஏமாற்றியதை வைத்துக்கொண்டே கோயில் உண்டியலில் பெருந்தொகை போட்டுவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று நினைக்கிறார்கள், தீராது. தங்கையின் பங்கு தங்கைக்குத்தான் போக வேண்டும். அந்தப் பத்திரத்தில் எழுதியதை மாற்றி எழுதுங்கள், பத்திரப் பதிவுச் செலவு உங்களுடையது.

கெடுத்த பெயரைத் திருப்பித் தருவது கடினம். யார் யாரிடம் பொய் சொன்னீர்களோ அவர்களிடம் போய், "நான் சொன்னது பொய்" என்று சொல்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. சொன்னது உண்மையாகவே இருந்து, பரப்பியதுதான் பாவம் என்றால், அந்த ஆளின் நல்ல குணங்களைப் பற்றி அதே இடங்களில் பேசலாம்.

அடித்தவர், துன்புறுத்தியவர், நம்பிக்கைத் துரோகம் செய்தவர் ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள். கடவுள் மன்னித்துவிட்டார் என்ற வார்த்தையைக் கொண்டுபோய்ப் பாதிக்கப்பட்டவர்மீது வீசாதீர்கள். மன்னிப்புக் கேளுங்கள், கிடைக்க வேண்டும் என்று நெருக்காதீர்கள். அவர் உங்களோடு மறுபடி ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்ற கடமை அவருக்கு இல்லை. குற்றம் செய்திருந்தால் சட்டம் கேட்கும் பதிலையும் சொல்லியாக வேண்டும், பாவமன்னிப்பு அதை ரத்து செய்யாது. பாதிக்கப்பட்டவரின் வாயை அடைக்க இரக்கம் என்ற பெயரைப் பயன்படுத்துவது இரக்கத்துக்கே செய்கிற துரோகம்.

ஏழாம் படி: அப்புறம்?

சிலருக்கு உடனே மனசு லேசாகும். சிலருக்கு ஒன்றுமே தோன்றாது. இரண்டுமே சரி. மன்னிப்பு நம் உணர்ச்சியில் தங்கியிருக்கவில்லை. மன்னிக்கப்பட்ட அதே பாவத்தை ஒவ்வொரு தடவையும் மறுபடி சொல்லத் தோன்றினால், ஒரே குருவானவரிடம் தொடர்ந்து போய் அவர் சொல்கிறபடி நடங்கள்.

மறுபடி விழுந்தால் மறுபடி போங்கள். ஒரே பாவத்தை எத்தனை தடவை சொல்வது என்ற வெட்கம்தான் பலரைத் திரும்பவும் நிறுத்திவிடுகிறது. சாவான பாவங்களை வருஷத்துக்கு ஒரு தடவையாவது அறிக்கையிட வேண்டும் என்பது 1215-இல் நான்காம் இலாத்தரன் சங்கம் வைத்த குறைந்தபட்சக் கட்டளையின் தொடர்ச்சி. பழைய பாவத்தோடு போராடுகிறவருக்கு அது போதாது. மாதம் ஒரு தடவை, முதல் வெள்ளியை ஒட்டி என்று வைத்துக்கொண்டால் நன்றாக இருக்கும்.

மன்னிப்புப் பெற்றவரிடம் ஆண்டவர் ஒன்றை எதிர்பார்க்கிறார். மத்தேயு 18-இல் ஒரு பணியாளன் ராஜாவுக்குப் பத்தாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறான். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி, ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரியம். ஆக அவன் கடன் சுமார் 6 கோடி நாள் கூலி. அதை ராஜா தள்ளுபடி செய்தார். வெளியே வந்தவன், தனக்கு 100 நாள் கூலி தர வேண்டிய சக பணியாளனின் கழுத்தைப் பிடித்தான். பத்து வருஷமாகப் பேசாத அண்ணன் தம்பி இருந்தால், இந்த இரண்டு எண்களையும் எழுதி வைத்துக்கொண்டு யோசித்துப் பாருங்கள். மன்னிப்பது என்றால் வழக்கைக் கைவிட வேண்டும், மறுபடி ஏமாற வேண்டும் என்று அர்த்தமில்லை. அவர் கெட வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட வேண்டும், அங்கிருந்து தொடங்கலாம்.

சில தனி நிலைமைகள்

கருக்கலைப்பு செய்தவர்கள், அதற்குத் துணைபோனவர்கள், இதற்கு மன்னிப்பே கிடையாது என்றோ ஆயர்தான் மன்னிக்க முடியும் என்றோ கேள்விப்பட்டு வராமலே இருக்கிறார்கள். இரக்கத்தின் யூபிலி ஆண்டு முடிந்தபோது, 2016 நவம்பரில், அன்றைய திருத்தந்தை பிரான்சிஸ் எல்லாக் குருக்களுக்கும் இதை மன்னிக்கும் அதிகாரத்தை நிலையாகக் கொடுத்துவிட்டார். பக்கத்துக் கோயிலுக்கே போகலாம். போகும்போது, கணவரும் மாமியாரும் கட்டாயப்படுத்தி நடந்ததா என்பதையும் சொல்லுங்கள். மனம் ஒப்பாமல் நடந்ததன் கனம் வேறு.

கோயிலில் கல்யாணம் செய்யாமல் வாழ்கிறவர்கள், முதல் கல்யாணம் உடைந்து மறுமணம் செய்தவர்கள், பாவமன்னிப்புப் பெற முடியுமா என்று தாங்களாகவே முடிவு செய்துகொண்டு ஒதுங்கி நிற்க வேண்டாம். பதிவுத் திருமணத்தைத் திருச்சபையில் முறைப்படுத்துவது பல நேரங்களில் நினைப்பதைவிட எளிது. முதல் திருமணம் செல்லுமா என்று விசாரிக்க மறைமாவட்டத்தில் திருமணத் தீர்ப்பாயம் இருக்கிறது. முதலில் ஒரு குருவானவரோடு உட்கார்ந்து முழுக் கதையையும் பேசுங்கள்.

வீட்டில் முடியாமல் கிடக்கும் பெரியவர் பல வருஷமாகக் கோயில் பக்கமே போகாதவராக இருந்தால், நினைவு தப்பும்வரை காத்திருக்காதீர்கள். அவஸ்தைபூசுதல் (குரு நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிப்பது) என்றால் சாவுதான் என்ற பயத்தில், சாமியாரைக் கூப்பிட்டால் நோயாளி பயந்துவிடுவார் என்று தள்ளிப்போடும் குடும்பங்கள் அதிகம். பேசத் தெம்பு இருக்கும்போதே கூப்பிடுங்கள், அவரைத் தனியாக விட்டுவிட்டு நீங்கள் அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். மரண ஆபத்தில் இருப்பவருக்கு எந்தக் குருவானவரும், அதிகாரம் விலக்கப்பட்டவராக இருந்தால்கூட, பாவமன்னிப்புத் தரலாம். யாருமே கிடைக்காவிட்டால் அவர் காதருகே மனஸ்தாப மந்திரத்தை வரி வரியாகச் சொல்லுங்கள், அவரும் சேர்ந்து சொல்லட்டும். உத்தம மனஸ்தாபமும், வாய்ப்புக் கிடைத்ததும் பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்ற மனசும் இருந்தால், அந்த நேரத்திலேயே மன்னிப்பு உண்டு என்று திருச்சபை கற்பிக்கிறது. குருவானவரைத் தேடுவதை மட்டும் நிறுத்தாதீர்கள், பங்கு அலுவலக எண் போனில் இப்போதே பதிந்து இருக்கட்டும்.